குடியிருப்புகளில் கூடுகட்டும் குளவிகள்

பழைய பம்பாய்த் தீவின் வடகோடியில் அமைந்த பகுதி சயான். மராத்தி மொழியில் 'சீவ்' என்னும் சொல் எல்லையைக் குறிக்கும். தீவு முடிந்து சாஷ்டி நிலம் தொடங்கும் இடமாக இருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. அதன் தெற்கே மாதுங்காவும், மேற்கே தாராவியும், கிழக்கே சற்றுத் தொலைவில் செம்பூரும் உள்ளன. இப்பகுதிகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். மாதுங்காவில் அகன்ற பால்கனிகளையுடைய பழைய மாடிக் கட்டிடங்கள். தாராவியில் தகரக் கூரையும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்ட நெருக்கமான வீடுகள். செம்பூரில் பழைய காலனி வீடுகளும் புதிய அடுக்கு மாடிகளும். அமைப்பு எத்தகையதாயினும், இவை அனைத்திலும் வாடகையின்றிக் குடியேறும் ஒரு பிராணி உண்டு. அதுவே குளவி.

ஜன்னலின் மேலுள்ள சன்ஷேடு, மின்சார மீட்டர்ப் பெட்டியின் பின்புறம், துணி உலர்த்தும் குழாயின் திறந்த வாய், நெடுநாள் எடுக்கப்படாத காலணி ஆகியவை குளவிக்கு உகந்த இடங்கள். மழை படாமல், வெயில் நேரே தாக்காமல், ஆள் நடமாட்டம் அதிகம் தொடாமல் இருக்கும் மூலையைத் தேர்ந்தெடுப்பதில் அது வீட்டுக்காரரைவிடக் கெட்டிக்காரத்தனம் உடையது எனலாம். கூடு கண்ணிற் பட்டவுடன் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. துடைப்பத்தை எடுத்து அடித்துத் தள்ளுவது ஒன்று; கோலின் நுனியில் எண்ணெய் நனைத்த துணியைச் சுற்றிக் கொளுத்திக் காட்டுவது மற்றொன்று. முதலாவது முறையால் கொட்டுப்படுவோர் பலர். இரண்டாவது முறை, சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்புகளில் குளவியைவிடப் பெரிய ஆபத்தை வரவழைக்கக் கூடியது. இத்தனைக்கும், அடித்துத் தள்ளப்படும் கூடுகளிற் பல, எவரையும் கொட்ட எண்ணாத குளவிகளுடையவை. எனவே, கூட்டைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய வினா, 'இதை எப்படி அழிப்பது?' என்பதன்று, 'இது எந்தக் குளவியின் கூடு?' என்பதே.

குயத்தியும் வேட்டுவனும்

சுவர் மூலையிலும் புத்தக அலமாரியின் பின்னும் காணப்படும் மண் கூடுகள் தனி வாழ்க்கை நடத்தும் குளவிகளால் கட்டப்படுபவை. மராத்தியர் இக்குளவியைக் 'கும்பாரீண்', அதாவது குயத்தி, என்பர். தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் மரபினர் இன்றும் சக்கரம் சுற்றுகின்றனர். அங்கே இப்பெயரின் பொருத்தத்தை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இதற்கு 'வேட்டுவன்' என்ற பெயரும் வழங்கும். மண் பிசைவதும் வேட்டையாடுவதும் ஆகிய இரண்டு தொழில்களையும் இது மேற்கொள்வதால் இரு பெயர்களுமே சரி.

இவற்றுள் மெல்லிய, நீண்ட இடையையுடைய ஓர் இனத்திற்கு 1781ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபப்ரீஷியஸ் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். 'ஸெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்' என இன்று வழங்கும் அப்பெயரில் பழைய மதராசபட்டினம் நிலைத்துவிட்டது. பெண் குளவி, குழாயடியிலோ தேங்கிய நீரின் ஓரத்திலோ ஈரமண்ணை உருண்டையாக்கி, வாயிற் கவ்வி வந்து, குழல் போன்ற அறையைக் கட்டும். பின் சிலந்திகளைத் தேடிப் பிடித்துக் கொட்டும். கொட்டுண்ட சிலந்தி இறப்பதில்லை; அசைவற்றுக் கிடக்கும். அழுகாத உணவாகப் பல சிலந்திகளை அறைக்குள் அடுக்கி, அவற்றுள் ஒன்றின்மீது ஒரு முட்டையை இட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறையைக் கட்டத் தொடங்கும். முட்டையிலிருந்து வரும் புழு, சேமிக்கப்பட்ட சிலந்திகளைத் தின்று வளர்ந்து, அறைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிப் பின் குளவியாக வெளிவரும். தாய் அதனைக் காண்பதில்லை.

சிறிய குடம் போன்ற, கழுத்து விரிந்த கூட்டைக் கட்டும் வேறோர் இனம் உண்டு. அது சிலந்திக்குப் பதிலாகப் பயிரைத் தின்னும் பச்சைப் புழுக்களைச் சேமிக்கும். அடைபட்ட புழுக்கள் சிறிது நெளியக் கூடுமாதலின், தன் முட்டை நசுங்காதவாறு அதனை ஒரு மெல்லிய இழையால் கூட்டின் மேற்புறத்திலிருந்து தொங்கவிட்டு வைக்கும்.

இதனை நம் முன்னோர் கவனிக்காமல் இல்லை. குளவி பச்சைப் புழுவைத் தூக்கிச் செல்வதையும், ரீங்காரம் செய்வதையும், சில நாட்களில் அதே கூட்டிலிருந்து குளவி வெளிவருவதையும் கண்டனர். கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவி தன் உருவாக்கிவிடுகிறது என்று முடிவு செய்தனர். குருவின் உபதேசத்தால் சீடன் மாறுவதற்கு இதனை உவமையாக வைத்துக் கூறும் மரபு, வடமொழியில் 'பிரமர கீட நியாயம்' என்ற பெயருடன், தத்துவ நூல்களிலும் இடம் பெற்றது. கண்டவை எல்லாம் உண்மையே. இடையில் காணப்படாதது முட்டை ஒன்றுதான். கவனித்தலில் குறையில்லை, கூட்டைத் திறந்து பார்க்காததே குறை என்று எடுத்துக்காட்ட, ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

மண் குளவி, தன் கூட்டைக் காத்து நிற்பதில்லை. கையால் நசுக்கினாலன்றிக் கொட்டுவதில்லை. அமெரிக்கப் பூச்சியியலறிஞர் ஜஸ்டின் ஷ்மிட், பூச்சிக் கொட்டுகளின் வலியை 1 முதல் 4 வரை தரப்படுத்தினார். தேனீக்கு 2 என்ற இடத்தை அளித்த அவர், மண் குளவிக்கு 1 என்ற இடத்தையே அளித்தார். ஆகவே சுவரில் இருக்கும் மண் கூட்டை விட்டுவிடலாம். அழகு கெடுகிறது என்றால், குளவிகள் வெளியேறிய துளைகள் தெரிந்தபின் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

ஆயினும் மண் குளவியால் தொல்லையே இல்லை என்று கூறிவிட முடியாது. அதன் கொட்டைவிட அதன் மண்ணே தீங்கு விளைவிக்கும். சிறு துளைகளை அடைப்பது அதன் இயல்பு. நெடுநாள் பயன்படுத்தாத எரிவாயு அடுப்பின் குழல், கீஸரின் காற்றுத்துளை, குளிர்சாதனப் பெட்டியின் நீர்க்குழாய், மின்சார பிளக்கின் துளை ஆகியவற்றை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பியோர் சோதித்துப் பார்க்க வேண்டும். இது அற்ப விஷயம் போலத் தோன்றலாம். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட போயிங் 757 விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 189 பேரும் மாண்டனர். பல நாட்கள் பறக்காமல் நின்ற அவ்விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்களில் ஒன்று உறையிடப்படாமல் இருந்தது என்றும், அதனை மண் குளவி அடைத்திருக்கக் கூடும் என்றும் விசாரணையாளர் கருதினர்.

காகிதம் செய்யும் குடும்பம்

கூட்டமாக வாழும் குளவிகளில் நகர வீடுகளில் அதிகம் காணப்படுபவை காகிதக் குளவிகள். மராத்தியரின் 'காந்தீல் மாஷி' என்ற பெயர் பொதுவாகக் கொட்டும் குளவிகளைக் குறிக்கும். இவை காய்ந்த மரம், செடித்தண்டு ஆகியவற்றின் நாரைச் சுரண்டி, உமிழ்நீருடன் மென்று, சாம்பல் நிறத் தாளாக்கி அறுகோண அறைகளைக் கட்டுகின்றன. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யலாம் என்ற யோசனையை 1719ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர் குளவிகளைக் கவனித்தே வெளியிட்டார். அக்காலத்தில் ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்தே காகிதம் செய்யப்பட்டு வந்தது.

கூடு ஒரு மெல்லிய காம்பினால் கூரையிலிருந்து தொங்கும். எறும்பு ஏறாதவாறு அக்காம்பில் குளவிகள் தம் உடலிலிருந்து சுரக்கும் ஒரு பொருளைப் பூசுகின்றன. உறை கிடையாது, கீழிருந்து பார்த்தால் அறைகளும், அவற்றில் தலை நீட்டும் வெண்மையான புழுக்களும் தெரியும்.

தென்னிந்தியாவில் மிகப் பரவலாக உள்ள 'ரோபாலிடியா மார்ஜினேட்டா' என்னும் காகிதக் குளவியைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பெங்களூரில் கண்டறியப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ராகவேந்திர கடக்கரும் அவருடைய மாணவர்களும், ஒவ்வொரு குளவியின் மீதும் வண்ணப் புள்ளியிட்டு, பல பத்தாண்டுகள் இவற்றைக் கவனித்தனர். 1983ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், கூட்டிலுள்ள பெண் குளவிகள் தம் பொழுதைக் கழிக்கும் விதத்தால் மூன்று வகைப்படும் எனக் காட்டப்பட்டது: உட்கார்ந்திருப்பவை, சண்டையிடுபவை, இரைதேடுபவை. ராணி எதிர்பார்க்கப்பட்டது போலச் சண்டையிடும் பிரிவில் இல்லை. உட்கார்ந்திருக்கும் பிரிவிலேயே இருந்தது. இந்த ஆராய்ச்சிகளின் தொகுப்பு 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் நூலாக வெளியிடப்பட்டது.

இவ்வாராய்ச்சியிலிருந்து வீட்டுக்காரருக்கும் பயன் உண்டு. ராணியைக் கொன்றால் கூடு அழியும் என்று பலர் எண்ணுகின்றனர். இக்குளவியில் ராணிக்கும் தொழிலாளிக்கும் உருவத்தில் வேற்றுமை இல்லை. ராணியை நீக்கினால், சிறிது நேரத்திற்குள் தொழிலாளிகளில் ஒன்று மிகுந்த ஆவேசம் கொண்டு முன்வருகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிடவும் தொடங்குகிறது. எனவே சில குளவிகளை அடித்துக் கொல்வதாலோ, கூட்டைப் பாதி உடைப்பதாலோ எப்பயனும் இல்லை. எஞ்சியவை அருகிலேயே மீண்டும் கட்டும். அதற்குள் அவை சினமும் கொண்டிருக்கும். மேலும், குளிர்நாடுகளில் இருப்பதுபோல் பனிக்காலம் வந்து குளவிக் குடும்பத்தை முடித்துவைப்பதும் இங்கில்லை. இக்குளவி ஆண்டு முழுவதும் கூடு கட்டுகிறது.

மற்றொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. பெங்களூர்க் குளவி அறையின் கம்பிவலைக் கண்கள் 0.75 சென்டிமீட்டர் அகலமுள்ளவை. அவ்வழியே காகிதக் குளவிகள் தாராளமாகப் போய்வந்தன. அவற்றின் பெரும் பகையான கதண்டு நுழைய முடியவில்லை. ஆகவே ஜன்னலுக்குப் புறாவலை கட்டியிருப்போர் அது குளவியைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். கொசுவலையே தடுக்கும்.

கதண்டு

அஞ்சத் தக்கது கதண்டு. இதுவும் குளவி இனமே, உருவிற் பெரியது. கருநிற வயிற்றில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பட்டை காணப்படும். இவற்றுள் ஒரு வகை, காகிதக் குளவியின் கூட்டைச் சூறையாடிப் புழுக்களைத் தின்னும்; பொந்திலும் நிலத்தடியிலும் தன் கூட்டை வைக்கும். மற்றொரு வகை பனை, தென்னை போன்ற மரங்களிலும் கட்டிடங்களிலும் பெரிய தொங்கு கூட்டைக் கட்டும். சிப்பி வரிகள் போன்ற தாளுறை கூடு முழுவதையும் மூடியிருக்கும். ஒரு சிறு வாயில் மட்டுமே தெரியும். உள்ளே நூற்றுக்கணக்கிலும், சில வேளை ஆயிரத்திற்கு மேலும் கதண்டுகள் இருக்கும். ஒன்றை நசுக்கினால் அதன் விஷத்தின் வாசனை மற்றவற்றைத் தாக்குதலுக்கு அழைக்கும். தமிழ்நாட்டில் 'விஷ வண்டு' என்று செய்தித்தாள்கள் எழுதுவது பெரும்பாலும் இதனையே. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளர் குளவிக் கொட்டுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்தி அடிக்கடி வருகிறது; அங்கே குளவி என்ற சொல் பெருந்தேனீயையும் சேர்த்துக் குறிப்பதுண்டு.

பெருந்தேனீ மும்பையின் உயர்ந்த கட்டிடங்களிலும் அடை கட்டும். மெழுகால் ஆன ஒற்றை அடை, அதனைத் திரைபோல் மூடி மொய்க்கும் தேனீக்கள். இதுவே அதன் அடையாளம். களப்பணியாளர் தரையிலிருந்தே இவற்றை வேறுபடுத்தி அறிய வேண்டும். மண்ணாக இருந்தால் அச்சமில்லை. தாளாக இருந்து, அறைகள் வெளியே தெரிந்தால் காகிதக் குளவி. தாளுறை மூடி, ஒரே வாயில் இருந்தால் கதண்டு; அங்கே சோதனைக்கு இடமில்லை, விலகி நிற்க வேண்டும்.

அகற்றும் முறை

காகிதக் குளவியின் கூடு எட்டாத உயரத்தில் இருந்தால் அகற்றத் தேவையில்லை. அது வீட்டைச் சுற்றியுள்ள செடிகளின் புழுக்களை வேட்டையாடி வாழ்வது. கதவருகிலோ, குழந்தைகள் கை படும் இடத்திலோ இருந்தால் அகற்றத்தான் வேண்டும். சிறந்த காலம் தொடக்க காலம். ஓரிரு குளவிகளும் சில அறைகளுமே உள்ள நிலையில், நீண்ட கோலால் கூட்டைக் கீழே தள்ளிவிட்டால், அவை எதிர்த்து நிற்பது அரிது. காம்பின் அடியையும் சுரண்டித் துடைத்து, அவ்விடத்தில் எண்ணெய் அல்லது வண்ணம் பூசிவிட வேண்டும். வாரம் ஒரு முறை ஒட்டடைக் கோலைச் சன்ஷேடுகளின் அடியில் செலுத்தும் வழக்கம் உள்ள வீட்டில் இப்பிரச்சினை எழுவதே இல்லை. துணி உலர்த்தும் குழாய்களின் வாயைத் தக்கையால் அடைத்துவிடுவதும் நன்று.

கூடு வளர்ந்துவிட்டால், இருட்டிய பின்பே அணுக வேண்டும். அப்போது குளவிகள் அனைத்தும் கூட்டில் இருக்கும், பறப்பதும் குறைவு. பால்கனி விளக்கை அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் கலைந்த குளவிகள் வெளிச்சத்தை நோக்கி அறைக்குள் வரும். முழுக்கை உடையும் முகத்திரையும் அவசியம். கெட்டியான சோப்பு நீரைத் தெளித்தால் குளவியின் மூச்சுத் துளைகள் அடைபட்டு அது விழுந்துவிடும். சில குளவிகளே உள்ள கூட்டிற்கு இது போதுமானது. அதற்கு மேற்பட்டதற்குப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழைப்பதே முறை. நாற்காலியின் மேல் ஸ்டூலை வைத்து ஏறி நின்று மருந்தடித்து, குளவி முகத்தில் மோதியபோது கீழே விழுவதற்கு, மூன்றாம் மாடி பால்கனி தகுந்த இடமன்று. முன்பு கொட்டுப்பட்டு உடலெங்கும் தடித்தவர்கள் இவ்வேலையில் ஈடுபடவே கூடாது.

நெருப்பைப் பற்றித் தனியே கூற வேண்டும். தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணியினர் இரவில் தீப்பந்தத்தால் கதண்டுக் கூடுகளை எரிப்பது உண்டு. தோப்பிலுள்ள தனிப் பனைமரத்தில், பாதுகாப்பு உடையுடனும் நீருடனும் அவர்கள் செய்வது அது. அதனைக் கண்டுவந்து, கூரைக்குக் கூரை பிளாஸ்டிக் விரிப்பும், வீட்டுக்குள் தோல், துணி, அட்டைப் பெட்டி ஆகிய தொழிற்பொருள்களும் நிறைந்த தாராவிச் சந்தில் செய்ய முனைவது, ஒரு கூட்டை எரிக்க ஒரு தெருவையே பணயம் வைப்பதாகும்.

கொட்டினால்

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும். உடனே அதனை எடுத்துவிட வேண்டும். குளவியின் கொடுக்கு தங்குவதில்லை. ஆகவே ஒரே குளவி பலமுறை கொட்ட வல்லது. முதலில் கூட்டைவிட்டு வேகமாக விலக வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த நீர்த்துணி வைக்கலாம். கையில் கொட்டியிருந்தால், வீங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் நீண்ட வழக்கம். ஆனால் விஷம் தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. மேலே தடவும் சுண்ணாம்பு அதனை எட்டுவதில்லை, மென்மையான தோலைப் புண்ணாக்கவும் கூடும்.

ஆபத்து இரு வழியில் வரும். சிலருக்கு ஒரே கொட்டினால், சில நிமிடங்களுக்குள், உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றும். இதற்கு உடனடி மருந்து, தொடையின் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசி. மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது உயிரை இழக்கச் செய்யும். மயங்கியவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும்; மூச்சுத் திணறுபவரை உட்காரவைக்கலாம். மகாராஷ்டிரத்தில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். சயான் வட்டாரத்தினருக்கு, சயான் மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. இரண்டாவது வழி, பல கொட்டுகள். கதண்டுக் கூட்டத்தால் தாக்கப்பட்டவர் சில மணி நேரம் நன்றாகவே இருக்கலாம். பின்னர் தசையும் இரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவதும் அளவு குறைவதும் அபாயக் குறிகள். எனவே பல இடங்களில் கொட்டுப்பட்டவரை, வலி குறைந்துவிட்டது என்று வீட்டிற்கு அனுப்பிவிடக் கூடாது.

பள்ளியில்

பள்ளிக் கட்டிடத்தில் கூடு காணப்பட்டால், மாணவர் கல்லெறியாதவாறு அப்பகுதியை உடனே கயிறு கட்டித் தடுக்க வேண்டும், மற்றவை பிறகு. மண் கூடாயின் அதனைப் பாடமாக்கலாம். துளையற்ற கூடு ஒன்றை மெல்லப் பெயர்த்து, வாய் அகன்ற கண்ணாடிச் சீசாவில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத ஜன்னலோரம் வைத்தல் வேண்டும். கூட்டை எடுத்த நாளும் இடமும் சீட்டில் எழுதப்பட வேண்டும். வெளிவருவது எப்போதும் கட்டியவளின் மகளாகவே இருக்கும் என்பதில்லை. சில சமயம் பச்சையும் நீலமுமாக, உலோகம் போல் பளபளக்கும் வேறொரு குளவி வெளிவரும். அது குயில் போன்றது. தானாகக் கூடு கட்டாமல் பிறர் கூட்டில் முட்டையிட்டுச் செல்வது. அது வெளிவந்த நாளையும் அதே சீட்டில் குறித்துக்கொண்டு, துணியை அவிழ்த்து ஜன்னலைத் திறந்துவிடலாம்.